ஒற்றைக் கையில் வந்த ஃப்ளைவீல்

போன வாரம் எங்கள் பழைய வொர்க்‌ஷாப் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் பிரபு ஒரு படம் போட்டான். பளபளவென்று, ஓட்டை ஓட்டையாகக் கடைந்த ஒரு ஃப்ளைவீல். கனம் குறைந்த ரகம். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒருவர் அதை ஆன்லைனில் வரவழைத்து, தன் சின்ன காரில் மாட்டித் தரும்படி பிரபுவின் மெக்கானிக் கடையில் கொடுத்துவிட்டாராம். படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: "கலியமூர்த்தி அண்ணே, போடலாமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

'போடலாம்' என்று அடித்தேன். அழித்தேன். 'வேணாம்' என்று அடித்தேன். அதையும் அழித்தேன். வேலை பார்த்த காலமெல்லாம் ஜீப்புகளின் கிளட்சைப் பிரித்து மாட்டியவன் நான். எனக்கே தெரியவில்லை என்றால் அவன் வேறு யாரிடம் போய்க் கேட்பான்? ஆனால் உண்மையாகவே தெரியவில்லை.

"என்னா, போனையே பாத்துக்கினு பேயறைஞ்சாப்புல உக்காந்துக்கினு இருக்கீங்க?" என்றாள் என் பெண்டாட்டி. ஃப்ளைவீல் என்றேன். "ரிட்டயர் ஆன பெறகுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஃப்ளைவீல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தையல் மிஷினில் பக்கவாட்டில் ஒரு சக்கரம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். மிதிப்பதை நிறுத்தினாலும் அது இரண்டு சுற்று சுற்றி, ஊசியை இழுத்துக்கொண்டு போகும். கார் இஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கனமான இரும்புச் சக்கரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. கனமாக இருந்தால் இஞ்சின் நிதானமாக வேகம் பிடிக்கும், சட்டென்று ஓயாது. லேசாக இருந்தால் மிதித்த உடனே சீறும், காலை எடுத்த உடனே அடங்கும். ஐடிஐ பாடத்தில் இது நாலு வரி. அந்த நாலு வரி எனக்கு விளங்க ஒரு பெண்ணின் பிழைப்பு ஊசலாட வேண்டியிருந்தது.

நான் குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஆள். எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்தவர்கள். நான் ஐடிஐ படித்தேன், பழுப்பு நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் வேலைக்கு எழுதிப் போட்டேன், கிடைக்கவில்லை. மைன்ஸுக்கு ஜீப் வாடகைக்கு விடும் ஒரு காண்ட்ராக்டரின் வொர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கிரீஸ், திட்டு, டீ.

அங்கே போர்மேன் முத்தையா அண்ணாச்சி. திருநெல்வேலிச் சீமைக்காரர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு திரும்பிப் போவார். சத்தம் போட மாட்டார், ஸ்பானரை விட்டெறிய மாட்டார். வேலை பிடித்திருந்தால் "சரி" என்பார். பிடிக்காவிட்டாலும் "சரி" என்பார். இந்தச் சரிக்கும் அந்தச் சரிக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

கிளட்ச் வேலை முடிந்த வண்டியை அவர் பாஸ் செய்யும் விதமே தனி. ஜீப்பின் பானெட் தட்டையாக இருக்கும் அல்லவா, அதன் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, விளிம்புக்கு ஒரு விரல் குறைவாகத் தண்ணீர் ஊற்றுவார். இஞ்சினை ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட வேண்டும். வலது காலை ஆக்சிலரேட்டர் பக்கமே கொண்டுபோகாமல் தரையில் வைத்துக்கொள்ள வேண்டும். இடது காலால் கிளட்சை மெல்ல மெல்ல விட வேண்டும். வண்டி தானாக நகர வேண்டும், தண்ணீர் சிந்தக் கூடாது. சிந்தினால் "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது கெட்ட சரி. மறுபடி கியர் பாக்ஸை இறக்க வேண்டியதுதான்.

புதிதாக வரும் டிரைவருக்கும் அதே டம்ளர்தான். "மிதிச்சு ஓட்டுதவன் மாசத்துக்கு ஒரு கிளட்ச் பிளேட்டத் திம்பான் வே" என்பார். மைன்ஸுக்குள் மேடும் சேறும்தான் ரோடு. அங்கே கிளட்ச் போனால் வண்டி போச்சு, நாள் போச்சு. அதனால் எங்கள் டிரைவர்கள் அத்தனை பேரும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வண்டியைக் கிளப்பப் பழகியவர்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பெருமை.

ஏழுமலை ஒருவன் மட்டும் விதிவிலக்கு. டம்ளர் முன்னால் பூனை மாதிரி ஓட்டிக் காட்டிவிட்டு, கேட்டைத் தாண்டியதும் மிதிக்க ஆரம்பித்துவிடுவான். முதலாளி எங்கிருந்தோ செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த ஒரு ஜீப் அவனிடம் இருந்தது. அதன் மேல் அவனுக்கு உயிர். "குதிரைண்ணே இது, குதிரை. தொட்டா பறக்குது" என்பான். அண்ணாச்சி அவனைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் செல்வி வந்தாள். நெல்லிக்குப்பத்துப் பெண். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்து அலுத்துப்போய், டிரைவிங் கற்று, லைசென்ஸ் எடுத்து, எங்கள் காண்ட்ராக்டரிடம் கேட்டு வந்தவள். எங்கள் வண்டிகளில் அதுவரை பெண் டிரைவர் கிடையாது. முதலாளி மூன்று மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் ரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், ஏற்றுவோம் என்றார்.

"மாமியாகிட்ட சண்ட போட்டுக்கினு வந்துட்டேண்ணே" என்று என்னிடம் சொன்னாள். "பொட்டச்சிக்கு ஜீப்பு கேக்குதான்னாங்க. இங்க தள்ளிவுட்டாங்கன்னா திரும்பிப் போவ எனக்கு மூஞ்சி இல்ல."

டம்ளர் வைத்தோம். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு காலை நான் பார்த்ததில்லை. தண்ணீர் அலுங்கவில்லை. அண்ணாச்சி "சரி" என்றார். அது எந்தச் சரி என்று அன்றைக்கு யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஏழுமலைக்குப் புது வண்டி வந்தது, அவனுடைய குதிரையைச் செல்விக்குக் கொடுத்தார்கள்.

முதல் நாளே குதிரை படுத்துவிட்டது. மைன்ஸுக்குள்ளிருந்து ஏறிவரும் பாதையில் ஒரு வளைவு உண்டு. எதிரே பெரிய வண்டி வந்தால் ஜீப் அங்கே ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். செல்வி நின்றாள், வழிவிட்டாள், கிளட்சை விட்டாள், வண்டி ஆஃப். மறுபடி ஸ்டார்ட் செய்தாள், மறுபடி ஆஃப். பின்னால் இஞ்சினியர்கள், ஃபிட்டர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டி பின்னால் உருள, ஒருவர் குதித்து இறங்கியே விட்டார். அந்த வாரத்திலேயே அவளுக்கு 'ஆஃப் செல்வி' என்று பெயர் விழுந்துவிட்டது.

வண்டி என்னிடம் வந்தது. டீசல் லைனில் காற்று இருக்கிறதா பார்த்தேன், இல்லை. ஃபில்டரை மாற்றினேன். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றினேன், ஜம்மென்று சுற்றின. அண்ணாச்சி டம்ளரை வைத்தார். எங்கள் யார்டில் வண்டி தானாக நகர்ந்தது, சிந்தவில்லை. ஆனால் நியூட்ரலில் நிற்கும்போது டம்ளர் கிடுகிடுவென்று நடுங்கி, பானெட்டின் மேல் ஊர்ந்து போனது. "இஞ்சின் மவுன்டிங் ரப்பர் போயிருக்கும், மாத்து" என்றார். மாற்றினேன். அப்புறமும் டம்ளர் ஊர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சரி, வண்டிதான் கோளாறு என்று முடிவு செய்யலாம் என்றால், ஏழுமலையைக் கூப்பிட்டு, அதே வளைவில், அதே அளவு ஆளை ஏற்றி நிறுத்திக் கிளப்பச் சொன்னோம். பறந்தான். "வண்டி தங்கம்ணே. அதும்மேல பழி போடாதீங்க" என்றான்.

அப்படியானால் செல்விதான் கோளாறு என்று சொல்லலாம் என்றால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானே பார்த்தேன். கால் கடுகளவு பிசகவில்லை. ஆனால் வண்டி என் கண் முன்னால் நின்றது. நன்றாக ஓட்டுகிறவள் கையில் நிற்கிறது, கண்டபடி ஓட்டுகிறவன் கையில் ஓடுகிறது. இப்படி ஒரு நியாயத்தை நான் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை. குழப்பத்தில் எனக்குப் புத்தி கெட்டுப்போய், செருப்புதான் காரணமோ என்று அவளை வெறுங்காலோடு ஓட்டச் சொன்னேன். ஓட்டினாள், நின்றது. மற்ற டிரைவர்கள் பானெட்டில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். அதற்கும் நின்றது.

ஒருநாள் யாருக்கும் தெரியாமல் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி, இஞ்சினின் ஓய்வு வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிவைத்தேன். அன்றைக்கு நிற்பது குறைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் வண்டி உள்ளே வரும்போதே ஆபீஸ் அறையிலிருந்து குரல் வந்தது. "எவம்ல ஐடிலிங்க ஏத்துனது?" அண்ணாச்சி வந்து, தன் கையாலேயே திருகிப் பழைய இடத்துக்கு இறக்கினார். வண்டியைக் கத்தவிட்டு ஓட்டுவது அவர் கணக்கில் நோயை மறைக்கிற வேலை.

புகார் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் முதலாளி வந்து எல்லார் முன்னாலும் கேட்டார். "அண்ணாச்சி, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. வண்டியா, டிரைவரா?"

அண்ணாச்சி ஜீப்பைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். "வண்டியில ஒண்ணும் இல்ல" என்றார்.

செல்வி அங்கேதான் நின்றிருந்தாள். யாரோ பின்னாலிருந்து, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான். சிரித்தார்கள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. அண்ணாச்சி சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கவும் முடியவில்லை, ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. அந்த மாதக் கடைசியோடு அவளை அனுப்பிவிடுவது என்று பேச்சானது.

மறுநாள் அவள் நேரே ஏழுமலையிடம் போய்க் கேட்டிருக்கிறாள், நீங்க எப்படி ஓட்டுறீங்க என்று. "மிதி தங்கச்சி, நல்லா மிதி. மத்தது தானா வரும்" என்று சொல்லியிருக்கிறான். மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. ஆனால் எவ்வளவு மிதிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது பிடிபடவில்லை. பழகிய காலும் விடவில்லை. கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு மேடேற, ஏற, பிளேட் கருகிவிட்டது. மைன்ஸுக்குள்ளிருந்து இன்னொரு ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கருகல் வாடை வண்டிக்கு முன்னால் வந்தது.

அண்ணாச்சி அன்றைக்குத்தான் குரலை உயர்த்தினார். "ஆக்சிலரேட்டர்ல கால் வைக்காதன்னு எத்தன மட்டம் தாயி சொல்லுதது?"

"வச்சாத்தான் போவுதுங்க அண்ணாச்சி" என்றாள் செல்வி. "வைக்கலன்னா நிக்குது. வச்சா கருவுது. நான் எதத்தான் செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்து, "எறக்கு" என்றார்.

அந்த வண்டி எங்களிடம் வந்தபிறகு முதல் தடவையாகக் கியர் பாக்ஸை இறக்கினேன். கருகிய பிளேட்டை எடுத்தேன். ஃப்ளைவீலின் முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. அதையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று போல்ட்டுகளைத் தளர்த்தினேன். அந்த ரக ஜீப்பின் ஃப்ளைவீலை இறக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. வண்டிக்கு அடியில் குந்தி, கால்களை அகட்டி ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு அணைத்து இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் முழங்காலில் விழுந்து எலும்பை நொறுக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பலமாக இழுத்தேன். அது சோளப்பொரி மூட்டை மாதிரி வந்துவிட்டது. இழுத்த வேகத்தில் மல்லாக்க விழுந்தேன். ஃப்ளைவீல் என் ஒற்றைக் கையில் இருந்தது.

"அண்ணாச்சி" என்றேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். வெள்ளைச் சட்டையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டார். திருப்பினார். பின்பக்கம் முழுக்க இரும்பைக் கடைந்து எடுத்திருந்தார்கள், சுற்றிலும் ஓட்டை. முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டோம். அந்த ஜீப்பை வாங்கியது கோயம்புத்தூர்ப் பக்கம், யாரோ மலைப்பாதைப் பந்தயத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஆளிடம் என்றார். "ஏன் கேக்குறீங்க? பாக்க ஜம்முன்னு இருந்திச்சி, வாங்கினேன்."

அண்ணாச்சி ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டையில் வட்டமாகக் கரி. எங்கள் யார்டு சமதரை, வண்டி காலி. அங்கே லேசான ஃப்ளைவீலே போதும், டம்ளர் பாஸ் ஆகிவிடும். மேட்டில், ஆள் ஏற்றிய வண்டியை ஓய்வு வேகத்தில் இழுக்க அதற்குத் தெம்பு கிடையாது. ஐடிலிங்கில் டம்ளர் நடுங்கியதும் அதனால்தான். கனம் இல்லாததால் சூட்டையும் தாங்கவில்லை, பிளேட் சீக்கிரம் கருகியது. மிதித்துக் கிளப்புகிற ஏழுமலைக்கு இது எதுவும் தெரியவே தெரியாது. அவனுக்கு அது குதிரை.

"அவன் ஓட்டுதது தப்புன்னு இத்தன நாள் நெனச்சேன்" என்றார் அண்ணாச்சி. "அந்த வண்டிக்கு அதாம்ல சரி. நாஞ் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு. என்னவே இது?"

சொல்லிவிட்டு அவர் எழுந்து போய், முதலாளிக்குத் தானே மறுபடி போன் போட்டு, "நாஞ் சொன்னது தப்பு. வண்டிதான், பிள்ள இல்ல" என்றார். செல்வியை எதிரே உட்காரவைத்து, உள்ளே என்ன இருக்கிறது, ஏன் நிற்கிறது, எவ்வளவு மிதித்தால் எவ்வளவு விடலாம் என்று சொன்னார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

கனமான பழைய ஃப்ளைவீல் கடலூரில் தேடிக் கிடைக்க நாளானது. அதுவரை வண்டி சும்மா நிற்க வேண்டாமே என்று, லேசான ஃப்ளைவீலையே தேய்த்துச் சுத்தம் செய்து புது பிளேட் போட்டு மாட்டினேன். விஷயம் தெரிந்தபிறகு, டவுன்ஷிப் ரோட்டில் நானும் ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். அடடா, என்ன சுகம். நினைத்த மாத்திரத்தில் இஞ்சின் ஏறுகிறது, கியர் வெண்ணெயாக விழுகிறது, காலை எடுத்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு அடங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி "சரி" என்றார். அது எந்தச் சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செல்வி அதே வண்டியில், அதே வளைவில் நிறுத்தி, துளி மிதித்துக் கிளட்சை விட்டாள். ஒரு உதறல் இல்லாமல் ஏறிப் போனாள். கூடம் கோணல்தான் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது. மாதக் கடைசிப் பேச்சு அப்படியே அமுங்கி, அவள் ரோலில் ஏறினாள்.

கடலூரிலிருந்து கனமான ஃப்ளைவீல் வந்ததும் அண்ணாச்சி மாற்றச் சொன்னார். "நல்லாத்தானே போவுது, எதுக்குங்க மாத்தணும்?" என்றாள் செல்வி. "நாளைக்கு இன்னொருத்தன் ஓட்டுவாம்லா தாயி" என்றார். மாற்றியபிறகு ஏழுமலை ஒருநாள் ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "என்னாண்ணே, குதிரைய அடிச்சிக் கழுதையாக்கிட்டீங்களே" என்றான். நிஜமாகவே அவன் கண் கலங்கியிருந்தது.

கழற்றிய ஃப்ளைவீலை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். மூடி காற்றில் பறக்காமல் இருக்க, தண்ணீர் டிரம்மின் மேல் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறது.

பிரபுவின் கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் போடாமல் இருந்தேன். செல்வி இப்போது சொந்த ஜீப் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறாள். திருவதிகையில் ஒரு கல்யாணத்துக்கு ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வீட்டுக்கு வந்தாள். போனைக் காட்டி, "நீயே சொல்லு செல்வி. போடலாமா, வேணாமா?" என்றேன்.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எழுந்து போய், டிரம் மேலிருந்த ஃப்ளைவீலை ஒற்றைக் கையால் தூக்கினாள்.

"இதும்மேல எனக்குக் கோவம் இல்லண்ணே" என்றாள். "நல்ல சாமான்தான். வண்டிக்குள்ள இதான் கீதுன்னு எங்கிட்ட மொதல்லியே ஒருத்தர் சொல்லியிருந்தா, அன்னிக்கே ஓட்டிக்கினு போயிருப்பேன். 'ஆஃப் செல்வி'ன்னு இன்னும் கூப்புடறாங்க, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

"அந்தக் கார யாரு ஓட்டுவாங்கன்னு கேளுங்கண்ணே" என்றாள்.

கேட்டேன். பிரபு உடனே பதில் போட்டான். "ஞாயித்துக்கெழம மட்டும் அவரு அண்ணே, ஜாலிக்கு. மத்த நாளெல்லாம் அவரு வீட்டம்மாதான், புள்ளைங்கள ஸ்கூலுக்கு வுட."

"அந்தம்மாவுக்குத் தெரியுமான்னு கேளுங்க" என்றாள் செல்வி. நான் அடிப்பதற்குக்கூடக் காத்திராமல் என் கையிலிருந்து போனை வாங்கித் தானே அடித்து அனுப்பினாள்.

இரண்டு நீல டிக் விழுந்தது. காத்திருந்தோம். பதில் வரவில்லை.

அவள் ஃப்ளைவீலை டிரம் மேலேயே வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை போனவள் திரும்பி, "அந்தம்மா நம்பர வாங்கிக் குடுங்கண்ணே" என்றாள். "நான் சொல்லிக்கறேன்."